இளைப்பாறுதல்: மூச்சும் ஊழியரின் மன அமைதியும்

திருப்பணியில் ஈடுபட்டுள்ள எவரும் மன நெருக்கடியை அறியாதவராக இருத்தல் இயலாது. காலையில் அடக்க ஆராதனை, நண்பகலில் மருத்துவமனைச் சந்திப்பு, மாலையில் திருமண ஆயத்தம், இரவில் சேகரக் கமிட்டிக் கூட்டம் என ஒரே நாளில் துயரமும் மகிழ்ச்சியும் பூசலும் ஒருவர்மேல் வந்து குவிகின்றன. இறையியல் மாணவருக்கோ தேர்வும், முதற் பிரசங்கமும், குருப்பட்டத்திற்கான நேர்முகத் தேர்வும் இதே நிலையை உண்டாக்குகின்றன. இத்தகைய வேளைகளில் நாம் எங்ஙனம் மூச்சு விடுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டோ? இஃது அற்பமான வினாவாகத் தோன்றலாம். ஆயினும் ஊழியரின் நாவு சபையாரைத் தேற்றவும் வல்லது, காயப்படுத்தவும் வல்லது. அந்நாவினின்று புறப்படும் ஒவ்வொரு சொல்லும் அவரது மூச்சின்மீதே ஏறி வருகிறது. மூச்சைச் சீர்படுத்துதல் ஊழியருக்கு எவ்வகையில் துணையாகும், எவ்விடத்தில் துணையாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் சொந்தத் தவறு ஒன்றைக் கூறித் தொடங்குவது முறையாகும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சேகரம் ஒன்றில், ஆலயக் கட்டட நிதியின் கணக்கைக் குறித்துக் கமிட்டியில் வாக்குவாதம் எழுந்தது. முதிய உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஐயா, இரசீதுகளைக் காட்டினால் போதும்" என்றார். கேள்வி நியாயமானதே. ஆனால் அன்று நான் இரண்டு அடக்க ஆராதனைகளை நடத்திவிட்டு வந்திருந்தேன். மார்பு இறுகியது, மேல்மூச்சு வாங்கியது, கைகள் குளிர்ந்தன. அவரது நேர்மையையே ஐயுறும் ஒரு சொல்லை எல்லார் முன்பாகவும் சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறாமல் தம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த நற்கருணைப் பந்தியில் அவர் முழங்காற்படியிடும் இடம் வெறுமையாயிருந்தது. அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

அந்நாட்களில் என் இரத்த அழுத்தத்தைச் சோதித்த மருத்துவர் நம் சபையைச் சேர்ந்தவர். நான் பேசுவதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, "ஐயா, மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், விடுவதைக் காணோம்" என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மூச்சு விடும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். அதன்பின் நான் படித்தும் பழகியும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

1. உடலில் நிகழ்வது என்ன?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் உண்டாகும் மாறுதல்களைக் குறித்து 1915ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தை எதிர்ப்படும் உயிரினம் எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ தன்னை ஆயத்தப்படுத்துகிறது என்பது அவர் கண்ட உண்மை. பரிவு நரம்புகள் கிளர்ச்சியடைகின்றன, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வேகமாகி, மார்பின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. புலியைக் கண்டவனுக்கு இவையனைத்தும் பயனுள்ளவை. இரசீது கேட்கும் கமிட்டி உறுப்பினரைக் கண்ட குருவானவருக்கு இவை பயன்படுவதில்லை. உடலோ இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது.

இக்கிளர்ச்சியைத் தணிக்கும் பணி எதிர்ப்பரிவு நரம்புகளுடையது. அவற்றுள் தலையாயது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை வரை கிளைத்துச் செல்லும் வேகஸ் நரம்பு. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது இந்நரம்பின் பிடி சற்றுத் தளர, இதயத்துடிப்பு விரைவுபடுகிறது. மூச்சை வெளிவிடும்போது அதன் பிடி வலுப்பெற, துடிப்பு மந்தமாகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் பலர் இதனைத் தாமே உணரலாம். ஆகவே வெளிமூச்சு நீளும் அளவுக்கு இதயம் இளைப்பாறுகிறது எனலாம்.

இதயத்தை நிறுத்தவோ இரைப்பையை விரைவுபடுத்தவோ நம் சித்தத்தால் ஆகாது. மூச்சோ நாம் உறங்கும்போதும் தானே இயங்குகிறது. விரும்பினால் நம் கட்டளைக்கும் கீழ்ப்படிகிறது. ஆகவே தானியங்கு நரம்பு மண்டலம் என்னும் பூட்டிய வீட்டிற்குள் நாம் நுழையத்தக்க வாயில்களுள் இதுவே மிக எளியது.

இளைப்பாறியிருக்கும் வயதுவந்தவர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இதனை 6 முறையளவுக்குக் குறைத்தால் இதயத்துடிப்பின் ஏற்றத்தாழ்வும் இரத்த அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும் ஒன்றோடொன்று இசைந்து, அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயல் வலுப்பெறுகிறது. இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு நமக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. உடல்நலமுள்ள 23 பேரை, ஒருமுறை இலத்தீன் மொழியில் செபமாலை செபத்தையும், மறுமுறை யோக மந்திரம் ஒன்றையும் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 என்னும் அளவுக்குத் தானே தணிந்தது. மேற்கூறிய நன்மையும் இரண்டிலும் காணப்பட்டது. பக்தியின் பொருளை இவ்வாய்வு அளக்கவில்லை, அளக்கவும் இயலாது. பக்தி செய்யும் உடலைக் குறித்தே அது பேசுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். ஆழ்ந்த மூச்சு என்றவுடன் பலர் மார்பை நிமிர்த்தி, காற்றை வலிந்து இழுத்து, விரைவாக விடுகின்றனர். இங்ஙனம் செய்தால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகும். அமைதி நாடியவர் அச்சத்தையே பெறுவார். ஆதலால் மிகுதியாக இழுத்தலைவிட மெதுவாக விடுதலே முக்கியமானது. மார்பு உயர்தலைவிட, உதரவிதானம் தாழ்ந்து வயிறு மெல்ல முன்வருதலே ஆழ்ந்த மூச்சின் அடையாளம்.

2. திருமறையின் மொழியில் மூச்சு

மூச்சுக்கும் மனநிலைக்கும் உள்ள உறவை எபிரெய மொழி தன் சொற்களிலேயே பதித்து வைத்துள்ளது. ரூவாஹ் என்னும் சொல் காற்றையும் மூச்சையும் ஆவியையும் குறிக்கும். நெஃபெஷ் என்னும் சொல்லை நாம் ஆத்துமா எனக் கொண்டாலும், தொண்டையும் அதன்வழி இயங்கும் மூச்சும் அதன் பொருள்களுள் அடங்கும் என்பதைப் பழைய ஏற்பாட்டு மானிடவியல் பற்றிய தம் நூலில் ஹான்ஸ் வால்ட்டர் வொல்ஃப் விளக்கியுள்ளார். யாத்திராகமம் 6:9இல் இஸ்ரவேலர் மோசேக்குச் செவிகொடாமைக்குக் காரணமாகக் கூறப்படுவது, சொல்லுக்குச் சொல் பார்த்தால், ரூவாஹின் குறுக்கம். அதாவது மூச்சுக் குறுகுதல். நம் தமிழ் வேதாகமம் இதனை மனமடிவு என்கிறது. நீதிமொழிகள் 14:29இல் முற்கோபி எனப்படுபவன் எபிரெயத்தில் ரூவாஹ் குறுகியவன். அவனுக்கு எதிராக நிறுத்தப்படும் நீடிய சாந்தமுள்ளவனோ, நாசிகள் நீண்டவன். சினமுற்றவனின் மூக்கு விடைத்து மூச்சுக் குறுகுவதையும், பொறுமையுள்ளவனின் மூச்சு நீள்வதையும் கண்டவர்கள் இச்சொற்றொடர்களை வழங்கினர் போலும். யாத்திராகமம் 34:6இல் ஆண்டவர் தம்மைக் குறித்துக் கூறும் பண்புகளிலும் இதே சொற்றொடர் இடம்பெறுகிறது.

சொல்லின் வேரிலிருந்து கோட்பாட்டைக் கட்டலாகாது என ஜேம்ஸ் பார் 1961ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளதை மாணவர்கள் அறிவார்கள். ஆகவே இச்சொற்களினால் மட்டும் எதையும் நிறுவ முற்படவில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சியைக் கருதுவோம்.

2 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில் தாவீது தன் மகனுக்குத் தப்பி ஓடுகிறான். வழியிலே சீமேயி தூஷித்துக் கல்லெறிகிறான். அவன் தலையை வாங்க அபிசாய் அனுமதி கேட்கிறான். தாவீது மறுத்துவிட்டு நடக்கிறான். சீமேயியோ மலையோரமாகத் தொடர்ந்து வந்து புழுதியைத் தூற்றுகிறான். இறுதியில் அரசனும் மக்களும் களைத்துப்போய் ஓரிடம் சேர்ந்து அங்கே இளைப்பாறினர் (16:14). இங்குள்ள எபிரெய வினைச்சொல் நெஃபெஷ் என்னும் வேரிலிருந்து பிறந்தது. மூச்சு வாங்கிக்கொள்ளுதல் என்பது அதன் உணர்வு. இவ்வினை எபிரெயத் திருமறையில் மும்முறையே வருகிறது. மற்றை இரண்டும் ஓய்வுநாளைப் பற்றியவை: யாத்திராகமம் 23:12இல் அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறும்படி ஓய்வுநாள் கட்டளையிடப்படுகிறது, 31:17இலோ ஆண்டவர் தாமே ஏழாம் நாளில் அவ்வாறு செய்ததாகக் கூறப்படுகிறது. நிந்தை சுமந்த அரசனும், உழைத்துச் சலித்த அடிமையும், படைத்து முடித்த கடவுளும் ஒரே வினைச்சொல்லில் சந்திக்கின்றனர்.

நம் தமிழும் இவ்வகையில் குறைவுடையதன்று. இளைப்பு என்பது களைப்பை மட்டுமன்று, மூச்சு வாங்குதலையும் குறிக்கும். நம் வீடுகளில் முதியோர் படியேறி வந்து "இளைக்கிறது" என்று கூறுவது இப்பொருளிலேயே. அந்த இளைப்பு ஆறுதலே இளைப்பாறுதல். பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமப்போரை அழைக்கும் மத்தேயு 11:28இல் இளைப்பாறுதல் என்னும் சொல்லை அமைத்த மொழிபெயர்ப்பாளர், மூச்சு வாங்கி நிற்கும் சுமைகாரனை நம் கண்முன் நிறுத்திவிட்டனர்.

புதிய ஏற்பாட்டில் இப்பொருளின் உச்சம் யோவான் 20ஆம் அதிகாரமாகும். சீடர்கள் பயத்தினால் கதவுகளைப் பூட்டியிருக்கின்றனர். உயிர்த்தெழுந்தவர் நடுவே நின்று சமாதானம் கூறி, அவர்கள்மேல் ஊதுகிறார். யோவான் இங்கு வழங்கும் கிரேக்க வினை, மண்ணாலான மனிதனின் நாசியில் ஆண்டவர் ஊதியதை (ஆதி. 2:7) கூறுமிடத்துக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் உள்ள அதே வினையாகும். நம் மூச்சு நாம் ஈட்டியதன்று, கொடுக்கப்பட்டது. மெதுவாக மூச்சு விடும் ஊழியர், தாம் படைக்கப்பட்டவர் என்பதை நினைவுகூருகிறார்.

3. இது பிற சமயப் பழக்கமன்றோ?

நம் சபைகளில் இக்கேள்வி நேர்மையாகவே எழுப்பப்படுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் பிராணாயாமத்தை எட்டு உறுப்புகளுள் நான்காவதாக வைக்கிறது. திருமூலரின் திருமந்திரமும் அதனை விரிவாகக் கூறுகிறது. இந்நாட்டு முன்னோர் மூச்சின் இயல்பை நுணுகி ஆராய்ந்தனர் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கு ஏதுமில்லை. அவர்களது நோக்கமும் இலக்கும் அவர்களது சமய நெறிக்கு உரியவை. ஆனால் உதரவிதானமும் வேகஸ் நரம்பும் எச்சமயத்தார்க்கும் பொதுவானவை. அவை படைப்பைச் சேர்ந்தவை.

திருச்சபை வரலாற்றிலும் இவ்வழக்கு ஒருமுறை விசாரிக்கப்பட்டுள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் ஆத்தோஸ் மலைத் துறவியர் மூச்சைத் தணித்து இயேசுவின் நாமத்தைச் செபித்து வந்தனர். கலாபிரியாவைச் சேர்ந்த பர்லாம் என்பவர், இவர்கள் ஆத்துமாவை உந்தியில் வைப்பவர்கள் என ஏளனம் செய்தார். கிரகோரி பலமாஸ் துறவியர் சார்பாக வாதாடினார். உடல் தீயதன்று, அது பரிசுத்த ஆவியின் ஆலயம். அலையும் மனத்தை ஒருமுகப்படுத்துதற்கு, சிறப்பாகத் தொடக்க நிலையினர்க்கு, மூச்சைக் கவனித்தல் உதவும் என்பது அவர் வாதம். கான்ஸ்டாண்டிநோபிளில் 1341, 1351 ஆகிய ஆண்டுகளில் கூடிய சங்கங்கள் பலமாசையே ஆதரித்தன. மேற்றிசைத் திருச்சபையிலோ, 1548இல் அச்சேறிய இக்னேஷியஸ் லொயோலாவின் ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூல், கர்த்தருடைய செபத்தை ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் செபிக்கும் முறையைக் கற்பிக்கிறது.

சீர்திருத்தச் சபையினராகிய நமக்கும் ஒரு மூச்சுப் பயிற்சி உண்டு. அதனை நாம் அப்பெயரால் அழைப்பதில்லை. கீர்த்தனையின் ஓர் அடியைப் பாடி முடிக்க வெளிமூச்சை நீட்ட வேண்டும். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கூடிப் பாடுவோரின் இதயத்துடிப்புகள் பாடலின் அமைப்பிற்கேற்ப ஒருங்கே விரைந்து ஒருங்கே தணிவதைக் கண்டனர். அடக்க ஆராதனையில் அழுகையின் நடுவே பாட்டுத் தொடங்கியதும் கூட்டத்தில் ஓர் ஆறுதல் பரவுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். விசுவாசத்தின் சொற்கள் உள்ளத்தைத் தாங்குகின்றன. நீண்ட வெளிமூச்சும் உடலைத் தாங்குகிறது.

4. செய்முறை

நாற்காலியில் நிமிர்ந்து, விறைப்பின்றி அமர்க. தோள்களைத் தளரவிட்டு, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்க. முதலில், உள்ளிருக்கும் காற்றை முழுவதும் மெல்ல வெளிவிடுக. பின் மூக்கின் வழியாக நான்கு எண்ணும் அளவு உள்ளிழுக்க. வயிற்றின்மேலுள்ள கை உயர வேண்டும். அடக்கி வைக்காமல், ஆறு எண்ணும் அளவு வெளிவிடுக. ஒரு முறைக்குப் பத்து விநாடியாக, நிமிடத்திற்கு ஆறு மூச்சு ஆகும். ஐந்து நிமிடம் போதும். எண்ணுவதற்குப் பதிலாக, உள்மூச்சில் "கர்த்தாவே" என்றும் வெளிமூச்சில் "இரங்கும்" என்றும் மனத்தில் சொல்லலாம்.

நெருக்கடி வேளையில் மட்டும் இதைச் செய்ய முயல்வோருக்கு இது கைகொடாது. நீந்தக் கல்லாதவர் வெள்ளத்தில் கற்க இயலாதன்றோ? காலைத் தியானத்தின் முன்பு நாள்தோறும் பழகுக. 2023ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் ஒரு மாத காலம், வெளிமூச்சை நீட்டிப் பெருமூச்சு விடும் பயிற்சி செய்தோரின் மனநிலை, அதே அளவு நேரம் தியானத்தில் அமர்ந்தோரின் மனநிலையைவிட மேம்பட்டது.

பழகியபின், தேவையான இடங்கள் பல. பிரசங்கத்திற்கு முன் வெஸ்ட்ரியில் மூன்று மூச்சு. மருத்துவமனை அறையின் கதவைத் திறக்குமுன் மூன்று மூச்சு. கமிட்டியில் கடுஞ்சொல் கேட்டவுடன், மறுமொழிக்கு முன் ஒரேயொரு நீண்ட வெளிமூச்சு. அதனை எவரும் கவனியார். அந்த ஆறு விநாடிகளில், சொல்லத் தகாத சொல் தொண்டையிலேயே தங்கிவிடக் கூடும்.

5. எல்லைகள்

முதலாவது, இது மருந்துக்கு மாற்றாகாது. மார்பு வலி, இடது கை வலி, காரணமின்றி மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதயநோயும் ஆஸ்துமாவும் உள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. நாட்பட்ட மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் தகுந்த சிகிச்சை உண்டு; ஊழியர் அதனை நாடுதல் விசுவாசக் குறைவன்று. மூச்சைக் கவனிக்கும்போது அச்சம் பெருகுவோரும் உளர், அவர்களை வற்புறுத்தலாகாது.

இரண்டாவது, அமைதி வேறு, நீதி வேறு. அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டே அநீதி செய்வோரும் உலகில் உளர். எகிப்தில் இஸ்ரவேலரின் மூச்சுக் குறுகியது அவர்கள் பயிற்சி பெறாமையால் அன்று. செங்கல் வேலையின் கொடுமையால். ஆண்டவர் அவர்களுக்கு அளித்த மறுமொழி விடுதலையாகும். ஆகவே பாரஞ்சுமப்போரிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாரத்தைக் குறித்துப் பேசாதிருத்தல் ஆயர்ப் பணியாகாது. பல சபைகளை ஒருவராகத் தாங்கும் குருவானவருக்கு வார ஓய்வுநாள் கிடைக்கச் செய்வதும் திருச்சபை நிர்வாகத்தின் கடமையே.

மூன்றாவது, பேசிவிட்ட சொல்லை எந்த மூச்சாலும் திரும்ப இழுக்க இயலாது. அதற்கு மனந்திரும்புதலும் மன்னிப்புக் கேட்டலுமே வழி.

தொடக்கத்தில் கூறிய முதியவரின் வீடு மாடியில் இருந்தது. ஏழு மாதத்திற்குப் பின் ஒருநாள் மாலை அப்படிகளில் ஏறினேன். கதவருகே நின்று, மருத்துவர் கற்பித்தபடி மூன்று முறை மூச்சு விட்டேன். அச்சம் நீங்கிவிடவில்லை, கதவைத் தட்டும் அளவுக்குக் குறைந்தது. அவரே வந்து திறந்தார். நான் ஆயத்தப்படுத்தி வந்திருந்த சொற்களைத் தொடங்குமுன், என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயாவுக்கு இளைக்கிறது, முதலில் உட்காருங்கள்" என்று கூறித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீரைக் குடித்தபின் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு அவர் பந்திக்கு வந்தார். அப்பத்தை அவர் கையில் வைக்கையில் என் கை நடுங்கியது.

உடன் ஊழியரே, மாணவரே, நம்மை நோக்கிக் கேள்வி கேட்போரும், நம் முன் அழுவோரும், நம்மைத் தூஷிப்போருங்கூட இனியும் வருவர். மறுமொழி கூறுமுன் ஒரு மூச்சளவு பொறுப்போமாக. அந்த மூச்சைத் தந்தவர் அவ்விடத்தில் நம்மோடு இருக்கிறார்.